மேடம் மீட்டிங்கில் இருக்காங்க

மேல்விஷாரத்தில் கார் நுழையாத சந்துகள் நிறைய உண்டு. அதில் ஒன்றின் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "நான் இங்கயே நிக்கறேன் மேடம், போய்ட்டு வாங்க" என்றான் டிரைவர் பாண்டியன். சௌந்தர்யா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தனியாக நடந்தாள். வெள்ளிக்கிழமை காலை, மணி ஒன்பது. கறிக்கடையில் கூட்டம். ஸ்கூல் வேனைப் பிடிக்க இரண்டு பிள்ளைகள் அவளை இடித்துக்கொண்டு ஓடின. யாரோ மாடியில் துணி உதறினார்கள். பயப்படும்படி அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவளுக்குக் கால் எழவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் நெஞ்சு இரண்டு மாதமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. வேலூரில் டாக்டரிடம் காட்டி ஈசிஜிகூட எடுத்துப் பார்த்தாள். எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். இதைக் கண்டுபிடிக்க மெஷின் ஏது?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் புது மாடல் செய்து காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். அந்தப் புது மாடல்களில் பாதியை வரைந்து, வெட்டி, தைத்துக் கொடுத்தது கம்பெனி ஆட்கள் இல்லை. மேல்விஷாரத்தில் வீட்டிலேயே பட்டறை வைத்திருந்த தன்சீல் அகமது. நாற்பது வயது, மெல்லிய குரல், கை மட்டும் தங்கம். அவருக்கு வேலை உத்தரவும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. எல்லாம் வாய் வார்த்தை, வாட்ஸப்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையருக்கு முதலில் அனுப்புவது ஒற்றைக் கால் ஷூதான். இடது கால் போகும். வலது கால் அதைச் செய்தவரிடமே இருக்கும். கூலி கைக்கு வந்த பிறகுதான் அவர் மறுகாலைக் கொடுப்பார். எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது. வீட்டிலிருந்து வேலை செய்கிற மாஸ்டர்களுக்கு இருக்கிற ஒரே பிடிமானமும் இதுதான்.

பிப்ரவரியில் தன்சீல் பாய் ஒரு இடது காலை அனுப்பினார். பையர் அதைக் கையில் வாங்கியவன் கீழே வைக்கவில்லை. யார் டிசைன் என்று கேட்டபோது, முதலாளி ரஷீத் அஹமது பெருமையாகச் சௌந்தர்யாவைக் காட்டினார். அவள் மறுக்கவில்லை. சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத்தான் அவளுக்குப் பதவி உயர்வும் வந்தது.

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ.

'மேடம், சாம்பிள் பாத்தாங்களா?' என்று முதல் மெசேஜ் வந்தது. அக்கவுண்ட்ஸில் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று விட்டாள். 'மேடம், சாப்பிட்டீங்களா? நம்ம விஷயம் கொஞ்சம் பாருங்க.' நாளைக்குச் சொல்லலாம். ஒரு வாரம் கழித்துப் பதில் எழுத வெட்கமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெயரைத் திரையில் பார்க்கவே முடியவில்லை. பதில் சொல்லாத வெட்கம் இருக்கிறதே, அது குட்டி போட்டு வளரும். அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாக பிளாக் பண்ணியிருப்பாள். இவள் ஒவ்வொன்றையும் திறந்து படித்தாள். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு நீல டிக் விழுந்தது. அந்தப் பக்கம் அந்த மனுஷர், மேடம் படித்துவிட்டார்கள், இன்றைக்குப் பதில் வரும் என்று உட்கார்ந்திருந்தார்.

மே மாதம் அவர் நேரிலேயே வந்தார். மூன்று தடவை. மூன்றாவது தடவை கத்திரி வெயில். காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் கேட்டுக்கு வெளியே நின்றார். வாட்ச்மேன் சுந்தரமூர்த்தி மூன்று முறை போன் போட்டார். மூன்று முறையும் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடுங்க."

அன்று மாலை வேலூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றபோது எல்லோரும் இறங்கினார்கள். ஜன்னலோரம் சாய்ந்திருந்த ஒருவர் மட்டும் இறங்கவில்லை. கண்டக்டர் தொட்டுப் பார்த்தபோது உடம்பு தோசைக்கல் மாதிரி கொதித்ததாம். உயிர் இல்லை.

இப்போது பையர் ஜோடியாகக் கேட்கிறான். ஃபேக்டரியில் இரண்டு தடவை வலது காலைச் செய்து பார்த்தார்கள். பையரிடம் இருந்த இடதின் போட்டோவோடு ஒப்பிட்டால் மாற்றாந்தாய் பிள்ளை போல நின்றது. தன்சீல் பாய் செய்த வலது கால் இன்று மாலை கூரியரில் போகாவிட்டால் ஆர்டர் போய்விடும்.

"தன்சீல் பாய் சம்சாரம் இத்தத்ல இருக்காங்க" என்றார் ரஷீத். "புருஷன் போனதுலேர்ந்து நாலு மாசம் பத்து நாள் வெளி ஆம்பளைங்க முன்னாடி வர மாட்டாங்க. வேற யாரையும் அனுப்ப முடியாது. நீதான்மா போகணும்."

ஆகவே அவளே வந்து நின்றாள்.

கதவு பாதி திறந்தது. பில்கிஸ், தன்சீல் பாயின் மனைவி, உள்ளே நிழலில் நின்றபடி கூப்பிட்டாள். கையில் வளையல் இல்லை, சாயம் போன வெள்ளைத் துப்பட்டா. முப்பது வயதுக்கு மேல் இருக்காது.

"உள்ள வாங்க மேடம். வாசல் வரைக்கும் வரக் கூடாது, அதான். தப்பா எடுத்துக்காதீங்க."

சௌந்தர்யா திட்டுகளுக்குத் தயாராக வந்திருந்தாள். வாயில் சமாதானங்களை மென்றுகொண்டே வந்திருந்தாள். பில்கிஸ் திட்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களப் பத்தி ஜாஸ்தி சொல்லுவாரு. சௌந்தர்யா மேடம் நல்லவங்க, வேலை ஜாஸ்தி, அதான் பதில் போட முடியலன்னுவாரு."

சௌந்தர்யா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஷூ அந்த ரூம்ல இருக்கு. வாங்க, நீங்களே எடுத்துக்குங்க. எனக்கு அங்க ரொம்ப நேரம் நிக்க முடியல."

பட்டறை அறை தெருப் பக்கம் இல்லை. வெயில் வர வழியே இல்லை. தையல் மெஷின், சுவரோரம் அடுக்கிய கால் அச்சுகள், தோல் துண்டுகள். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. தோல் ஒட்டும் சொல்யூஷன் வாடை லேசாக அடித்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை. உச்சி வெயிலில் இளகும் தார் ரோட்டின் வாடை.

அவள் வாசற்படியைத் தாண்டியதும் முகத்தில் அனல் அடித்தது.

"தெரியுதா மேடம்?" பில்கிஸ் குரலைத் தாழ்த்தினாள். "அவர் மௌத் ஆன நாள்லேர்ந்து இப்படித்தான். எத்தன ஃபேன் போட்டாலும் குறையல. ராத்திரிகூட இந்த ரூம்ல மட்டும் மத்தியானம்."

மேசை மேல் வெள்ளைத் துணிப்பையில் வலது கால் ஷூ இருந்தது. கடைசித் தையல் வரை முடித்து, பாலிஷ் போட்டு, வைத்துவிட்டுத்தான் போயிருந்தார். சௌந்தர்யா அதைக் கையில் எடுத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ காலிலிருந்து கழற்றி வைத்த மாதிரி.

கையை உதறத் தோன்றியது. உதறவில்லை. பையில் வைத்தாள்.

"ஒரே ஒண்ணு கேக்கணும் மேடம்" என்றாள் பில்கிஸ். "காசு விஷயம் இல்ல. அன்னிக்குக் காலைல சொல்லிட்டுப் போனாரு, இன்னிக்கு மேடம் கண்டிப்பா பாப்பாங்கன்னு. டாக்டருங்க வெயில்தான் காரணம்ங்கறாங்க. அவர் வெளியவே நின்னாரா? இல்ல, நீங்க கூப்பிட்டுப் பேசினீங்களா? ரெண்டு மாசமா அதான் மேடம் தொண்டைல நிக்குது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. அது சௌந்தர்யாவுக்கும் தெரியும். பில்கிஸின் கண்ணைப் பார்த்தாள், கையிலிருந்த பையைப் பார்த்தாள். பொய் தானாக வந்தது, வழுக்கிக்கொண்டு.

"பேசினேன்மா. உள்ள கூப்பிட்டு டீ குடுத்தேன். அடுத்த வாரம் எல்லாத்தையும் முடிச்சுடறேன்னு சொன்னேன். சந்தோஷமாதான் கிளம்பினாரு."

பில்கிஸ் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு அழுதாள். அது துக்கத்து அழுகை இல்லை, பாரம் இறங்கிய அழுகை. "அல்ஹம்துலில்லாஹ்... அல்ஹம்துலில்லாஹ்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். இங்கே கேட்டு வந்த ஷூ அழகாகக் கைக்குக் கிடைத்துவிட்டிருந்தது.

அந்த நொடியில் அறையின் அனல் சட்டென்று ஒரு பக்கமாக நகர்ந்தது. சௌந்தர்யாவின் இடது தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காரில் ஏறியதும் வியர்த்துக் கொட்டியது. "பாண்டியா, ஏசியைக் கூட்டு" என்றாள். பாண்டியன் கூட்டினான். பள்ளிகொண்டா தாண்டும்போது மறுபடி சொன்னாள்.

"ஃபுல்லாதான் மேடம் இருக்கு. எனக்கே குளிருது." கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டான்.

முன் சீட்டில் அவன் கைகளைத் தேய்த்துக்கொண்டான். பின் சீட்டில் அவள் ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியது. அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இருக்கையைத் தற்செயலாகத் தொட்டாள். வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் சீட் போலச் சுட்டது.

ஃபேக்டரிக்கு வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. ஜும்மா நேரம். முன்னூறு மெஷின்கள் ஒன்றாக நின்றுபோன அமைதி அங்கே வெள்ளிக்கிழமைதோறும் உண்டு. ஆண்களில் பெரும்பாலோர் தொழுகைக்குப் போயிருந்தார்கள், மற்றவர்கள் பின்கட்டு கேன்டீனில் இருந்தார்கள். மாடியில் சாம்பிள் ரூமில் சௌந்தர்யா மட்டும். வெளியே மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் துணிப்பையை மேசை மேல் வைத்தாள், கூரியர் பெட்டியைத் தேடினாள்.

மேசை இன்டர்காம் அடித்தது.

"மேடம், உங்களைப் பாக்கணும்னு ஒருத்தர் வெளிய நிக்கறாரு." வாட்ச்மேன் சுந்தரமூர்த்தியின் குரல் மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் வறண்டு, தண்ணீர் குடிக்காத தொண்டை மாதிரி.

எத்தனை மாதப் பழக்கம். யோசிப்பதற்கு முன்பே வாய் சொல்லிவிட்டது.

"மீட்டிங்ல இருக்கேன்னு சொல்லிடுங்க."

அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. யாரோ மெதுவாக மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"யாரு? யாரு நிக்கறாங்க அண்ணா?"

மூச்சு.

ரிசீவரை வைத்துவிட்டுப் பின்பக்கக் கதவுக்கு ஓடினாள். கீழே கேன்டீன் வாசலில், டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சுந்தரமூர்த்தி நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டில் போன் போட ஆளே இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஆம்பூர் மழை, வந்தால் வாளியைக் கவிழ்த்த மாதிரி. சாம்பிள் ரூமின் முன்பக்க ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. மே மாதத்திலிருந்து அவள் அதைத் திறந்ததில்லை. இப்போது ஓரத்தை விரலால் ஒதுக்கிக் கீழே பார்த்தாள்.

கேட்டுக்கு வெளியே ஆள் யாரும் இல்லை. ரோடு முழுக்க நனைந்து கறுத்து ஓடியது. கேட்டுக்கு நேர் எதிரே ஒரே ஓர் இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. இரண்டு கால் அகல இடம். அதன் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. ஓரத்தில் விழுந்த துளிகள் ஆவியாகி எழுந்தன.

அப்போது அவள் செல்போன் அடித்தது. பில்கிஸ்.

"நல்லபடியா போய்ச் சேந்தீங்களா மேடம்?" குரலில் காலையில் இல்லாத தெளிவு. "ஒரு விஷயம் சொல்லணும்னு போட்டேன். நீங்க கிளம்பினதும் அந்த ரூம் குளுந்துடுச்சு. ஃபேன் காத்து சில்லுனு வருது. பிள்ளைங்க உள்ள போய் வெளையாடுதுங்க. அவர் நிம்மதியா போய்ட்டாரு மேடம். நீங்க சொன்ன அந்த நல்ல வார்த்தைதான். அல்லா உங்களையும் உங்க குடும்பத்தையும் நல்லா வெக்கணும்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். இந்த ஆசீர்வாதத்தைத் தாங்க முடியவில்லை. திரைத் துணியைப் பிடித்துக்கொண்டே சௌந்தர்யா அழுதாள்.

"நான் பேசல பில்கிஸ்."

"இன்னா மேடம்?"

"நான் அவர்கிட்ட பேசவே இல்ல. டீயும் குடுக்கல. பொய் சொன்னேன். காலைலேர்ந்து நாலு மணி வரைக்கும் வெளியவே நின்னாரு. நான் மேல ஜன்னல்லேர்ந்து பாத்துட்டுதான் இருந்தேன்." இதுவரை யாரிடமும் சொல்லாதது அதற்கு மேலும் இருந்தது. தனக்கே சொல்லிக்கொள்ளாதது. "ரெண்டு மணி இருக்கும். அவர் நிமிந்தாரு. என்னப் பாத்துட்டாரு. சிரிச்சாரு பில்கிஸ். கையத் தூக்கி சலாம் வெச்சாரு. மேடம் பாத்துட்டாங்க, இனி கூப்பிட்டுடுவாங்கன்னு... நான் திரைய இழுத்து மூடிட்டேன். அதுக்கப்புறமும் ரெண்டு மணி நேரம் நின்னாரு."

போனில் பிள்ளைகள் விளையாடுவது தூரத்தில் கேட்டது. சாபம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். வரட்டும் என்றுகூட இருந்தது.

பில்கிஸ் மிக மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப, அவர் இன்னும் வெளியதான் நிக்கறாரா மேடம்?"

சௌந்தர்யா கீழே பார்த்தாள். காய்ந்த இடம் அப்படியே இருந்தது.

"ஆமா."

"உள்ள கூப்பிடுங்க. வெயில்ல நின்னா அவருக்கு ஆவாது."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கொட்டுகிற மழையில் எந்த வெயில் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. திரையை முழுவதுமாக ஒதுக்கித் தள்ளினாள். ஜன்னலைத் திறந்தாள். சாரல் முகத்தில் அடித்தது.

"வாங்க தன்சீல் பாய்" என்றாள். இன்னும் வெளியே குனிந்து சொன்னாள். "மன்னிச்சுடுங்க. மீட்டிங்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள வாங்க."

காய்ந்த இடத்தில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மற்ற ரோட்டோடு சேர்ந்து கறுத்துப்போனது. அப்பாடா என்று மூச்சு விட்டாள். மன்னித்துவிட்டுப் போய்விட்டார் என்றுதான் நினைத்தாள். நாமும் அப்படித்தானே நினைப்போம்?

கீழே மாடிப்படியில் சத்தம் கேட்டது.

அவசரமில்லாத கால்கள். ஒவ்வொரு படியாக. வெகுநேரம் நின்று கால் கடுத்த மனுஷர் ஏறுகிற மாதிரி.

படி முடிந்தது.

தாழ்வாரம்.

சாம்பிள் ரூம் கதவு வரை வந்து நின்றது. உள்ளே வரலாமா என்று கேட்பது போலக் கொஞ்சம் தயங்கியது. அவள் வாங்க என்று தலையை ஆட்டினாள்.

சொல்யூஷன் வாடை வந்தது. அதன் பின்னால் இளகிய தார் வாடை. மேசைக்கு எதிரே இருந்த நாற்காலி ஓரடி பின்னால் நகர்ந்தது. ரெக்சின் இருக்கை மெல்ல, மிக மெல்ல, அமுங்கியது.

வேறு ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கத்தவில்லை, எதுவும் உடையவில்லை. அந்த அனல் எதிரே உட்கார்ந்து, மேடம் பேசட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தது.

அன்று சாயங்காலமே சௌந்தர்யா ரஷீத் அஹமதுவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். டிசைன் யாருடையது, சிரித்தது ஏன், கேட்டில் நடந்தது என்ன, எல்லாம். அவர் முகம் செத்துப்போய் உட்கார்ந்திருந்தார். கூலி பில்கிஸின் வங்கிக் கணக்குக்கு அன்றே போனது. ஷூ பெட்டியில் டிசைனர் என்ற இடத்தில் தன்சீல் அகமது என்று எழுதி அவளே ஒட்டினாள். வேலை போனாலும் போகட்டும் என்று இருந்தாள். போகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாட்ச்மேன் சுந்தரமூர்த்தி பெரிய நோட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். கேட்டில் வருவோர் போவோர் எழுதும் நோட்டு.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க மேடம். நேத்து ஜும்மா டைம்ல நான் சாப்பிடப் போய்ட்டேன். அந்த நேரம் பாத்து யாரோ உங்களப் பாக்க வந்திருக்காரு. அவரே எழுதிட்டு மேல வந்துட்டாரு போல."

விரலால் தொட்டுக் காட்டினார். பெயர் இருந்த இடம் வியர்வை பட்டது போல மை கலங்கி, படிக்க முடியாமல் இருந்தது. யாரைப் பார்க்க: சௌந்தர்யா மேடம். உள்ளே வந்த நேரம்: ஒன்று பத்து. அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது.

"வெளிய போன நேரம் போடல மேடம். திங்கக்கெழம ஆடிட்காரங்க வர்றாங்க, ஒரு கட்டம் காலியா இருந்தாலும் பேஜார் பண்ணுவாங்க. எத்தன மணிக்குப் போனாருன்னு சொன்னீங்கன்னா நானே எழுதிடுவேன்."

சௌந்தர்யா எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அமுங்கிய இருக்கை இன்னும் எழும்பவில்லை.

"இன்னும் போகல அண்ணா" என்றாள்.